நம் கரும்புக்கு நாணல் தகப்பன்: கோவையில் புல்லை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

பவானி ஆற்றோரம், நொய்யல் ஓரம், தோட்டத்தை ஒட்டி ஓடும் பள்ளம் என்று எங்கே பார்த்தாலும் நாணல் நிற்கும். மழை ஓய்ந்ததும் வெள்ளைக் கதிர் விட்டு ஆடும். சில ஊர்களில் இதைப் பேய்க்கரும்பு என்கிறார்கள். மாடு இளசாக இருக்கும்போது கடிக்கும், முற்றினால் திரும்பிப் பார்க்காது. வயலுக்குள் வந்துவிட்டால் வேரோடு பிடுங்க முடியாது. ஆகவே பள்ளம் தூர்வாரப் பொக்லைன் வரும்போதெல்லாம், கூடவே கரையிலிருக்கும் நாணலையும் வழித்துப் போட்டுவிடுகிறோம். போன வருடம் நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த மழையில் இருபதடி நீளத்துக்குக் கரை சரிந்து பள்ளத்தில் விழுந்தது.

அந்த நாணலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பெண்மணியின் பெயர் வந்து நிற்கிறது. 90 வருடங்களுக்கு முன்பு நம் கோயம்புத்தூரில், இதே புல்லின் வேர் நுனியை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். பெயர் ஜானகி அம்மாள். முழுப்பெயர் எடவலத்து கக்கத்து ஜானகி அம்மாள். விஞ்ஞானிகள் வட்டத்தில் உலகம் அறிந்த பெயர். கரும்பு போடும் நம் ஆட்களில் பலருக்கு அவரைத் தெரியாது.

தலச்சேரியில் பிறந்தவர்

1897-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். பெரிய குடும்பம், கூடப்பிறந்தவர்கள் நிறைய. அப்பா கிருஷ்ணன் நீதிபதி. வேலை கோர்ட்டில் என்றாலும் மனசு செடிகொடியிலும் பறவைகளிலும் இருந்தது. வீட்டில் தோட்டம் போட்டு, தன் பகுதியின் பறவைகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தவர். பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் அந்த வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு வயது வந்ததும் மாப்பிள்ளை பார்ப்பதுதான் வழக்கம். அக்காமார்களுக்கு அப்படித்தான் நடந்தது. ஜானகி படிப்புப் பக்கம் போனார். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகையில் கப்பல் ஏறினார். 1931-ல் அங்கேயே அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். தாவரவியலில் அப்படிப்பட்ட பட்டத்தை அமெரிக்காவில் வாங்கிய முதல் இந்தியப் பெண் இவர்தான் என்பார்கள்.

அங்கே கத்தரியில் வேலை செய்தார். அவர் உண்டாக்கிய ஒட்டுக் கத்தரிக்கு அவர் பெயரே வைத்தார்கள். கத்தரி என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நம் பக்கத்தில் வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் தப்பிக்க, சுண்டைச் செடியை அடியில் வைத்துக் கத்தரியை ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். அந்தச் சுண்டை எங்கேயிருந்து வந்தது? நம் வேலியோரத்தில் தண்ணீர் விடாமல் தானாக முளைத்து நிற்கும் அதே சுண்டைதான். வேலியில் நிற்கும்போது களை, நாற்றங்காலுக்கு வந்தால் காப்பாற்றும் செடி. ஜானகி அம்மாள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, இப்படி வேலியில் நிற்பதற்கும் வயலில் நிற்பதற்கும் உள்ள உறவைத் தேடிப் பார்ப்பதுதான்.

கோவைக்கு ஏன் வந்தார்

திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்துக்கு வந்தார். ஏன் அந்த நிலையம் கோயம்புத்தூரில் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

1912-ல் இந்த நிலையத்தைத் தொடங்கியபோது நம் நாட்டுக்குச் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. வட இந்தியாவில் கரும்பு நிறைய உண்டு, ஆனால் விரல் தடிமனுக்குமேல் போகாத ஒல்லிக் கரும்பு. குளிரைத் தாங்கும், சாறு குறைவு. தெற்கே தடித்த கரும்பு உண்டு, சாறு நிறைய, ஆனால் பஞ்சாபுக் குளிருக்கு நிற்காது. இரண்டு குணத்தையும் ஒரே கரும்பில் கொண்டுவர ஒட்டுச் சேர்க்கவேண்டும். அதற்குக் கரும்பு பூக்கவேண்டும், பூத்தது விதை பிடிக்கவேண்டும். வடக்கே கரும்பு சரியாகப் பூப்பதில்லை. நம் கோயம்புத்தூர்க் காற்றிலும் வெயிலிலும் கரும்பு நன்றாகப் பூத்து விதை கட்டும். கரும்பில் பூ வந்தால் நமக்கு எரிச்சல், எடை குறையும், சக்கை தட்டும். இனப்பெருக்கம் செய்கிறவர்களுக்கு அந்தப் பூதான் பொன்.

நிலையத்தைத் தொடங்கிய பார்பர் என்ற வெள்ளைக்காரரும், அவருடன் இருந்து பிறகு தலைமைக்கு வந்த டி.எஸ். வெங்கட்ராமனும் ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள். 'வெள்ளை' என்று நம் பக்கம் பெயர் பெற்றிருந்த தடித்த கரும்பைத் தாயாக வைத்து, கோயம்புத்தூர்ப் பக்கம் காட்டுத்தனமாக வளரும் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். பிறந்த பிள்ளைதான் கோ 205. 1918-ல் அது பஞ்சாப் விவசாயிகள் கைக்குப் போனது. வறட்சி, குளிர் எல்லாவற்றையும் தாங்கி நின்றது. உலகத்தில் நாணல் ரத்தத்தை வேண்டுமென்றே சேர்த்து வெற்றிபெற்ற முதல் வயல் ரகங்களில் ஒன்று அது. ஜாவாவில் சேரே என்ற நோய் கரும்பைக் கூண்டோடு அழித்தபோதும், நாணல் கலந்த ரகங்களை வைத்துத்தான் அவர்கள் எழுந்து நின்றார்கள்.

இன்றைக்கு நாம் போடும் கரும்பு எதுவானாலும், கோ 86032 ஆனாலும் அதற்குப் பின் வந்தவை ஆனாலும், அதன் பாரம்பரியத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை நாணல் வழி வந்தது. கரும்புக்கு இனிப்பைக் கொடுத்தது தாய் வழி. அறுத்த கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் வலு, அதாவது நாம் மறுதாம்பு விட்டுக் காசு பார்க்கும் அந்த வலு, பெருமளவு தகப்பன் வழி. செவ்வழுகலைத் தாங்கும் சக்தியும் அங்கிருந்தே வந்தது.

ஜானகி அம்மாள் எண்ணியது என்ன

ஒட்டுச் சேர்ந்துவிட்டது, பிள்ளையும் பிறந்துவிட்டது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? ஏன் ஒரு நாணலோடு சேர்த்தால் பிள்ளை தடித்து வருகிறது, இன்னொரு நாணலோடு சேர்த்தால் மலடாகிறது? இதைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஜானகி அம்மாள் வந்தார்.

ஒவ்வொரு செடியின் உயிரணுவுக்குள்ளும் நூல்போல் சில துண்டுகள் இருக்கும். குரோமோசோம் என்பார்கள். அப்பன் ஆத்தா குணம் பிள்ளைக்குப் போவது இந்த நூல் வழியாகத்தான். நெல்லுக்கு 24, மனிதனுக்கு 46 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. தடித்த கரும்புக்கு 80. நாணலுக்கு? அங்கேதான் சிக்கல். ஒரு ஊர் நாணலுக்கு 40, இன்னொரு ஊர் நாணலுக்கு 64, வேறொன்றுக்கு 112, 128 என்று போகும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே புல்தான். உள்ளே வேறு வேறு.

இதை எண்ணுவது சாதாரண வேலை இல்லை. புதிதாக விடும் வேரின் நுனியை எடுத்து, மருந்தில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒவ்வொரு நூலாகப் பிரித்து எண்ணவேண்டும். அன்றைய கருவிகளில் நாணலின் நூல்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்திருக்கும். ஒன்று தவறினால் கணக்கே தவறு. கரும்பு பூக்கும் பருவத்தில் விடியற்காலையில் தோட்டத்தில் நிற்கவேண்டும், அப்போதுதான் பூ விரியும். மகரந்தம் சில மணி நேரத்தில் வீணாகிவிடும். இப்படிப் பிடித்த விதை பஞ்சுபோல் இருக்கும். அதைத் தொட்டியில் தூவி முளைக்க வைத்தால் வருவது கரும்பு மாதிரியே இருக்காது, அருகம்புல் நாற்று மாதிரி இருக்கும்.

நாணலோடு அவர் நிற்கவில்லை. கரும்பைச் சோளத்தோடு, மக்காச்சோளத்தோடு, தருப்பை வகைப் புல்லோடு என்று தூரத்துச் சொந்தங்களோடெல்லாம் சேர்த்துப் பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த பிள்ளையைப் பற்றி 1938-ல் உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழில் எழுதினார். இவை எதுவும் ஆலைக்குப் போகும் ரகமாக வரவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் புல் குடும்பத்தில் யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்ற சொந்தபந்தக் கணக்கு அந்த வேலையில்தான் தெளிந்தது. பால் மாடு வைத்திருக்கும் நாம் இன்று வெட்டிப் போடும் கம்பு நேப்பியரும் அதே மாதிரி யோசனைதான்: நம் கம்பையும் ஆப்பிரிக்காவின் யானைப்புல்லையும் சேர்த்து எடுத்தது.

ஐந்து வருடம் கோவையில் இருந்தார். சுகமான ஐந்து வருடம் என்று சொல்லமுடியாது. தனியாக வாழும் பெண், சாதி அடுக்கில் மேலே இல்லாத குடும்பம், அமெரிக்கப் பட்டம். கூட வேலை செய்த ஆண்களிடம் அது எளிதாகச் செல்லவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஊர் உலகத்தைத் தெரிந்த நமக்கு அது புதிய சேதி இல்லை. 1939-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். போன இடத்தில் இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்டது. அங்கேயே தங்கிவிட்டார்.

லண்டனும் அணிலும்

இங்கிலாந்து வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை. வெளியே குண்டு விழும், உள்ளே இவர் செடிகளின் நூலை எண்ணுவார். டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1945-ல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் கணக்கு முழுவதையும் ஒரே புத்தகமாகப் போட்டார். இன்றும் அந்தத் துறையில் கைப்புத்தகம் மாதிரி. அதன்பின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா என்ற மலர்மரத்தில் வேலை. அங்கே ஒரு மக்னோலியாவுக்கு அவர் பெயர் இருக்கிறது.

நம் ஊர் அணில் ஒன்றைச் சேலை மடிப்பில் ஒளித்துக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார் என்று உறவினர்கள் சொல்லுவார்கள். அதற்கு கபோக் என்று பெயராம். கபோக் என்றால் இலவம்பஞ்சு.

திரும்பி வந்தபோது

1951-ல் பிரதமர் நேரு அழைத்தார். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைத்துத் தரவேண்டும் என்று கேட்டார். அந்த நிறுவனத்தை வெள்ளைக்காரர்கள் தங்கள் தேவைக்கு வைத்திருந்தார்கள். இங்கே செடியைப் பிடுங்கி, காயவைத்து, லண்டனுக்கு அனுப்புவது. ஒரு செடி எந்தக் காட்டில், எந்த மண்ணில், எந்த மக்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தது என்பதைப் பற்றி அக்கறை குறைவு. செடி நிற்கும் இடத்திலேயே அதைப் படிக்கவேண்டும் என்பது ஜானகி அம்மாளின் கட்சி.

ஊர் ஊராகக் காட்டுக்குள் போனார். அப்போது அவர் பார்த்தது மனதைச் சுட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்கவேண்டும் என்று நாடு முழுக்க இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம். நியாயமான இயக்கம்தான், பஞ்சம் பார்த்த நாடு. ஆனால் காடு போய்க்கொண்டிருந்தது. அசாமில் அவர் தேடிய ஒரு வகை மக்னோலியா மரம், அந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று கேள்விப்பட்டு, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார். போய்ப் பார்த்தால் மரம் எரிந்து கிடந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும் என்று நினைக்கிறேன். கரும்பை நாம் கரணை வைத்து நடுகிறோம். ஒரு ரகத்தின் ஒவ்வொரு கரணையும் ஒரே செடியின் துண்டுதான். ஆயிரம் ஏக்கரில் நின்றாலும் அது ஒரே உயிர். ஆகவே ஒரு நோய்க்கு அது பணிந்துவிட்டால் ஆயிரம் ஏக்கரும் பணியும். கோசி 671 எவ்வளவு சர்க்கரைச் சத்துள்ள கரும்பு, செவ்வழுகல் வந்து என்ன ஆனது என்பது நம் மூத்த விவசாயிகளுக்குத் தெரியும். உத்தரப் பிரதேசத்தில் பெரும்பரப்பில் நின்ற கோ 0238-க்கும் சமீப வருடங்களில் அதே கதிதான். அப்படி ஒவ்வொரு முறையும் விழும்போது, புது ரகத்துக்குத் தேவையான வலுவைத் தேடி விஞ்ஞானிகள் போவது எங்கே? மறுபடியும் நாணலுக்கும் அதன் பங்காளிப் புற்களுக்கும்தான். எந்த ஊர்ப் பள்ளக்கரை நாணலில் எந்த நோயைத் தாங்கும் குணம் இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது, நூலை எண்ணிப் பயிரிட்டுப் பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்கு முன்பே எரிந்துபோன மரத்தை என்ன செய்வது?

1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றியிருக்கிறான் என்பதைப் பேச உலக அறிஞர்கள் கூடினார்கள். அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். அங்கே அவர் பெரிய அணையைப் பற்றியோ ஆலையைப் பற்றியோ பேசவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் பயிர் செய்யும் இந்தியச் சிறு விவசாயிகளையும் மலைவாழ் மக்களையும் பற்றிப் பேசினார். காட்டுச் செடிகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பின்னாளில் வயநாட்டு மலைகளில் மூலிகைகளைத் தேடிப் போனபோதும் அந்த மக்களிடமிருந்து கற்றுக்கொள்ளவே போனார்.

ஆனைகட்டிக்கு அந்தப்பக்கம்

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி தாண்டி, அகளி வழியாகப் போனால் முக்காலி வரும். அதற்கு மேலே அமைதிப் பள்ளத்தாக்கு. சைலண்ட் வேலி என்றால்தான் பலருக்குப் புரியும். அங்கே ஓடும் குந்திப்புழை மேற்கே பாரதப்புழைக்குப் போகிறது, நமக்கு வராது. ஆனால் அதே மலைத்தொடரின் மழைதான் பவானியாகக் கிழக்கே திரும்பி அட்டப்பாடி வழியாகப் பில்லூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் வந்து பவானிசாகரில் நிற்கிறது. கீழ்பவானி வாய்க்காலும் தடப்பள்ளியும் அரக்கன்கோட்டையும் காலிங்கராயனும் அதைக் குடித்துத்தான் வாழ்கின்றன. சத்தி, கோபி கரும்பும், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் அந்தக் காட்டு மழையில் வருவது.

குந்திப்புழையில் மின்சாரத்துக்கு அணை கட்டக் கேரள மின்வாரியம் திட்டம் போட்டது. 1973-ல் திட்டக்குழுவும் ஒப்புதல் கொடுத்தது. சிங்கவால் குரங்குகள் வாழும், கோடரி படாத மழைக்காடு தண்ணீரில் போகும் நிலை. ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், மாணவர்கள், விஞ்ஞானிகள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மின்சாரம் வந்தால் வேலை வரும் என்று எதிர்ப்பக்கம் நின்றவர்களும் ஏழைகள்தான், அதை மறைக்கவேண்டியதில்லை.

ஜானகி அம்மாளுக்கு அப்போது வயது 80-ஐ ஒட்டி. நாடே அறிந்த விஞ்ஞானி. 1977-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அரசாங்கத்தோடு உரசாமல் ஓய்வாக இருந்திருக்கலாம். அவர் இறங்கியது தனக்குத் தெரிந்த வேலையோடு: ஏரியாகப் போகும் அந்தக் காட்டின் மரங்களை எடுத்துக் குரோமோசோம் கணக்கு எடுப்பது. கோவையில் நாணலுக்குச் செய்த அதே வேலையை அங்கே ஒரு காட்டுக்குச் செய்யப் புறப்பட்டார். என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் மூழ்கடிக்கக்கூடாது என்ற பிடிவாதம்.

1983-ல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1984 நவம்பர் 15-ம் தேதி அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஜானகி அம்மாள் அதைப் பார்க்கவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தோட்டத்தில் கடைசி நாள் வரை வேலை செய்து, அந்த வருடம் பிப்ரவரி 7-ம் தேதி 86-வது வயதில் காலமானார். உயரமான பெண்மணி, எப்போதும் பளிச்சென்ற மஞ்சள் சேலை கட்டுவார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கரும்பு இனப்பெருக்கு நிலையம் இன்று அட்டப்பாடி அகளியில் ஒரு ஆராய்ச்சிப் பண்ணை வைத்திருக்கிறது. கரும்பைத் தூரத்துக் காட்டுச் சொந்தங்களோடு ஒட்டுச் சேர்ப்பது அங்கே நடக்கும் முக்கிய வேலைகளில் ஒன்று. அமைதிப் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது.

நம் தோட்டத்தில் என்ன செய்யலாம்

நாணலை வயலுக்குள் விடச் சொல்லவில்லை. கரும்பு வயலில் நாணல் வந்தால் அது களைதான், கிழங்கோடு தோண்டி எடுங்கள். ஆனால் பள்ளக்கரையிலும் வாய்க்காலின் வெளிச்சரிவிலும் நிற்கும் நாணல் மண்ணைக் கட்டிப் பிடிக்கும். தூர்வாரும்போது பொக்லைன் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: நடுவில் அடைத்து நிற்பதை எடு, கரைச்சரிவில் நிற்பதை விடு. ஒரே நாளில் இரண்டு கரையையும் வழிக்கவேண்டாம். ஒரு கரையை இந்த வருடம், மறுகரையை அடுத்த வருடம். வாடகை வண்டி நிற்கும் அவசரத்தில் இதெல்லாம் மறந்துபோகும், ஆகவே வண்டி வருவதற்கு முன்னாடியே எந்தப் பகுதியை விடவேண்டும் என்று குச்சி நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள். என் தோட்டத்தில் கரை சரிந்த இடத்தில், மிச்சமிருந்த நாணல் தூரைப் பெயர்த்து ஆடி மழைக்கு முன்பு நட்டேன். மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டது.

கரையோரத்தில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். அடித்த இடத்தில் வேர் செத்து மண் பொடியாகும், அடுத்த வெள்ளத்தில் போய்விடும். கூடவே தண்ணீரில் கலந்து கீழே இருக்கும் தோட்டத்துக்காரர் கிணற்றுக்கும் போகும்.

தூக்கணாங்குருவி கூடு கட்ட நாரை எங்கேயிருந்து கிழிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நாணல் தோகை, கரும்புத் தோகை, நெல் தோகை, பனையோலை. கிணற்றுமேல் தொங்கும் பனையும் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் நாணலும் இருந்தால் குருவி வரும். கம்பு, சோளம் முற்றும்போது கொஞ்சம் கொத்தும், அது நிஜம். குஞ்சு பொரித்த நாட்களில் புழு பூச்சியைத்தான் அதிகம் கொண்டுவந்து ஊட்டும், அதுவும் நிஜம்.

மேட்டாங்காட்டில் கிளுவை வேலி இருந்தால் அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட அவசரப்படாதீர்கள். அந்த வேலிக்குள் கோவைக்கொடி, பிரண்டை, சுண்டை, முசுமுசுக்கை எல்லாம் ஏறி நிற்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பயிருக்குச் சொந்தம். கொரங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லை ஆடு மேய விட்டு, விதை உதிரும் சமயத்தில் ஒரு மாதம் அடைத்து வைப்பது நம் பெரியவர்கள் செய்த முறை. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் புல் குறையாது.

ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரில் உள்ள செடிகொடி, பயிர்வகை, மீன், பறவை எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பதிவேடும் இருக்கவேண்டும். உங்கள் ஊராட்சியில் போய்க் கேளுங்கள். பல ஊர்களில் யாரோ ஒருவர் அவசரமாக நிரப்பிய பதிவேடாக இருக்கும். பள்ளத்துப் புல், வேலிச் செடி என்று உங்களுக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். நாட்டு ரகங்களையும் அவற்றின் காட்டுச் சொந்தங்களையும் காப்பாற்றும் விவசாயிகளுக்கு மத்திய அரசின் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் வருடாவருடம் விருதும் பணமுடிப்பும் கொடுக்கிறது. வேளாண் அறிவியல் நிலையத்தில் விண்ணப்பம் பற்றிக் கேட்டால் சொல்வார்கள்.

வீட்டுப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூட லீவில் தோட்டத்துக்கு வரும்போது, ஒரு நோட்டைக் கொடுத்துப் பள்ளத்தோரம் கூட்டிப்போய் அங்கே என்னென்ன நிற்கிறது என்று எண்ணச் சொல்லலாம். என் தங்கை மகள் போன மாதம் எண்ணினாள். இருநூறடிக் கரையில் 31 வகைச் செடி. அதில் ஒன்பதுக்குத்தான் எனக்குப் பெயர் தெரிந்திருந்தது.